நான்கு விநாடி

பதினோரு வருடமாக
ஹெட்டாவின் மூச்சை வெட்டுவதுதான் என் பிழைப்பு.
வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே
அவள் இழுக்கிற காற்று,
‘அதாவது’, ‘வந்து’, நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிகிற சத்தம்,
எல்லாம் என் திரையில் சின்னச் சின்ன மேடுகள்.
மேட்டைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்
அன்றைக்கு அவளுக்கு ஜலதோஷமா கோபமா என்று.

ஔலு நகரத்துக்கே சோறு போட்ட கைபேசிக் கம்பெனி
கொத்துக் கொத்தாக ஆட்களைக் கழற்றிவிட்ட வருடம்
அவளும் வெளியே வந்தாள்.
ஐந்தாம் எண் பொத்தானைப் பத்து லட்சம் தடவை
அமுக்கிப் பார்க்கும் இயந்திரத்துக்குக் காவல் இருந்தவள்.
“எது எப்போது உடையும்?
எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான்.”

முதல் ஸ்டூடியோ,
குடியிருப்பின் நிலவறையில் பொதுச் சவுனா.
மரச்சுவர் எதிரொலியைக் குடித்துவிடும்.
வியாழனும் சனியும் அண்டைவீட்டார் வியர்ப்பார்கள்,
மற்ற நாள் எங்களுக்கு.
ஓஸ்மோ மேல்படியில் குந்திக்கொண்டு கேமரா பிடிப்பான்.
முழங்கால் வலிக்கிறது என்பான், அதையும் வெட்டுவேன்.

புதுப் போன் ஒன்றைப் பனியில் புதைத்தோம்.
மைனஸ் இருபத்தாறு. நாற்பது நிமிடத்தில் செத்தது.
அதே போனை வியாழக்கிழமை
எண்பது டிகிரிக்குள் எடுத்துப்போனாள்.
இடுப்பில் துண்டோடு உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் ஒருவர்
“இதற்கும் வியர்க்குமா?” என்று கேட்டதை மட்டும்
வெட்டாமல் விட்டேன்.
ஒன்பது லட்சம் பேர் அந்தக் கேள்வியைப் பார்த்தார்கள்.

பிறகு கிடங்கு.
கிடங்குக்கு வாடகை, வாடகைக்கு விளம்பரம்,
விளம்பரத்துக்கு ஆள், ஆளுக்கு நாற்காலி,
நாற்காலி எது வாங்குவது என்று ஒரு கூட்டம்.
இருபத்தொன்பது பேர் ஆனோம்.
பெட்டியைப் பிரிக்கும் கை இப்போது வேறொருத்தியுடையது;
நகங்கள் அழகு.
ஹெட்டா கண்ணாடி அறைக்குள்
சம்பளக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்,
ஐந்தாம் எண் பொத்தானைப் பார்த்த
அதே பார்வை.

போன மார்ச்சில் ஒரு லேப்டாப்.
மூவாயிரத்து நூறாவது தடவை மூடித் திறந்தபோது
கீல் விட்டுப்போனது.
நெடுநாளுக்குப் பிறகு அவளே கேமரா முன்னால் வந்து
“இதை வாங்காதீர்கள். நான் வாங்கமாட்டேன்” என்றாள்.
நான்கு விநாடி.
எங்கள் வருட வரவில் மூன்றில் ஒரு பங்கு
அந்தக் கீலைச் செய்தவர்களிடமிருந்து.
விற்பனைப் பிரிவு யெரே என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.
ஒன்றும் சொல்லவில்லை.
காபி குடித்தான்.

வெட்டினேன்.
என் தொழிலில் அவ்வளவு நேர்த்தியான ஒட்டு அமைந்ததில்லை.
முன் வாக்கியத்தின் மூச்சும் பின் வாக்கியத்தின் மூச்சும்
ஒரே மூச்சாகிவிட்டன.

ஒருமுறைதான் ஓட்டிப் பார்த்தாள்.
“அந்த இடத்தில் நான் மூச்சு விடவில்லையே.”

திரும்ப வைத்தேன்.

மே மாதம் பணம் வரவில்லை.
ஜூனில் ஆறு பேருக்கு வேலை இல்லை.
ஆறில் ஒருவன் ஓஸ்மோ.
வெட்டியவன் நான்; பட்டியலில் என் பெயர் இல்லை.

அவனைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிடவில்லை அவள்.
பழைய குடியிருப்பு, புதன்கிழமை,
அடுப்பு அணைந்து கிடந்த சவுனா.
என்னையும் வரச்சொன்னாள், எதற்கென்று கேட்கவில்லை.
ஓஸ்மோ பழக்கத்தில் மேல்படி ஏறி உட்கார்ந்தான்,
கை இரண்டும் சும்மா இருந்தன.

அவள் வாயைத் திறந்தாள்.
பதினாறு விநாடி. எண்ணிவிட்டேன், தொழில்புத்தி.
‘அதாவது’ என்றாள்.
‘வந்து’ என்றாள்.
காற்றை இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள்.
என் ஆள்காட்டி விரல் தொடைமேல்
இல்லாத ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது.

மேலிருந்து ஓஸ்மோதான் சொன்னான்:
“சத்தம் நன்றாக வருகிறது.
நீ சொல்லு.”